உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு!

(சங்கத்தின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதி விற்கிறது. அதில் பிழை இருக்கிறது. அந்தப் பிழையால் அடிபட்டவர் போய் முறையிடுகிறார். அவருக்கு என்ன பதில் கிடைக்கிறது? இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேச இருக்கிறோம்.

கூலியைப் பற்றியும் குடியிருப்பைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் இது என்ன புதுப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் கூலிக் கணக்கு இன்று எங்கே இருக்கிறது? வைப்பு நிதி எங்கே இருக்கிறது? ரேஷன் கடையில் நம் பெயர் எதில் பதிந்திருக்கிறது? முன்பெல்லாம் மேஸ்திரியின் கையில் ஒரு நோட்டு இருக்கும். அரை நாள் வேலையை அவன் குறைத்து எழுதினால், "எடு நோட்டை, பார்ப்போம்" என்று கேட்க முடிந்தது. பக்கத்தில் நாலு பேர் சாட்சிக்கு நின்றார்கள். இன்று அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. அதை எழுதியவன் எங்கோ இருக்கிறான். அவன் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் அவனுக்குத் தெரியாது.

மென்பொருளில் வரும் பிழைக்கு எஞ்சினியர்கள் 'பக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக் என்றால் பூச்சி. நல்ல பெயர்தான். ஊரில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பூச்சியைப் பற்றித் தெரியும். ஒரு வயலில் விழுந்த பூச்சி அடுத்த வயலிலும் விழும். "உன் வயலில் மட்டும்தான் பூச்சி, உன் கைராசி அப்படி" என்று எந்த உழவனையும் ஏமாற்ற முடியாது. வரப்பில் ஏறி நின்றால் பக்கத்து வயல் தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் விவகாரத்தில் ஏறி நிற்க வரப்பு கிடையாது. அடுத்தவன் திரையில் என்ன தெரிகிறது என்று நமக்குத் தெரியாது. கம்பெனிக்கு மட்டும் எல்லா வயலும் தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

மளிகைக் கடைக்குள் ஒரு தபாலாபீஸ்

பிரிட்டனில் சுமார் 11,500 அஞ்சல் நிலையங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை மளிகைக் கடையிலோ பத்திரிகைக் கடையிலோ ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நடக்கின்றன. நடத்துபவருக்கு சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். பெயர்தான் பெரிது, அவர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். இருக்கிற சேமிப்பைப் போட்டு, கடன் வாங்கி, கடையையும் தபால் உரிமையையும் சேர்த்து வாங்குகிறார். புருஷன் கடைக் கல்லாவில், மனைவி தபால் மேசையில். நம் நாட்டிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பிழைக்கப்போன குடும்பங்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. இந்த மும்பையில் சந்துக்குள் கடை போட்டிருக்கும் நம்மவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதே பிழைப்பு, அதே உழைப்பு.

1999-லும் 2000-லும் இந்தக் கடைகளுக்கெல்லாம் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. செய்து கொடுத்தது ஐ.சி.எல். என்ற பிரிட்டிஷ் கம்பெனி. அது ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தம். அதுவரை காகிதத்தில் எழுதிக் கணக்கு முடித்தவர்கள் இனிமேல் திரையைப் பார்த்து முடிக்க வேண்டும். திரை சொல்கிற தொகை கல்லாவில் இருக்க வேண்டும். குறைந்தால்? நடத்துபவரின் கவனக்குறைவாலோ தவறாலோ ஏற்படும் நஷ்டத்தை அவரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. தபால் நிர்வாகம் அந்த ஷரத்துக்கு வைத்த பொருள் வேறு: எப்படிக் குறைந்தாலும் நீதான் கட்ட வேண்டும்.

கணக்கில் துண்டு விழ ஆரம்பித்தது. நூறு, ஆயிரம், பத்தாயிரம். பிரிட்டனின் பவுண்டுக் கணக்கில்.

எப்படி விழுந்தது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறோம். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊர், 2015 அக்டோபர். ஒரு கிளைக்குக் கொண்டுபோன 8,000 பவுண்டை வரவு வைக்க அதை நடத்தியவர் விசையை அழுத்துகிறார். திரை நகரவில்லை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? இன்னொரு தடவை அழுத்துவோம். அவரும் அழுத்தினார். மொத்தம் நாலு தடவை. திரை அசையவில்லை, உள்ளே கணக்கு அசைந்தது. 8,000 பவுண்டு நாலு முறை வரவாகி, கல்லாவில் இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் கடன்காரர் ஆனார். இவர் முறையிட்ட பிறகு தோண்டிப் பார்த்தார்கள். இதே பூச்சி 2010 முதல் 88 கிளைகளில் 112 தடவை புகுந்திருந்தது. ஐந்து ஆண்டுகள்! ஃபால்கிர்க் நகரின் கேலண்டர் ஸ்கொயர் கிளையின் பெயரைத் தாங்கிய இன்னொரு பூச்சி 2000-லிருந்தே குடியிருந்து, 2006-ல்தான் வெளியேற்றப்பட்டது.

பூச்சி இருந்ததில் நமக்குப் பெரிய கோபம் இல்லை. மனிதன் எழுதுவதில் பிழை வரும். நம் சங்கத்து வரவு செலவிலும் வருகிறது. பிழை வந்தது என்று சொன்னவரை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

தொலைபேசியில் கிடைத்த பதில்

குறை சொல்ல ஓர் உதவித் தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர்கள் அதை நம்பி அழைத்தார்கள். ஊர் ஊராக, வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள். பிற்பாடு இவர்கள் விசாரணையில் சாட்சி சொன்னபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "வேறு யாருக்கும் இந்தக் கோளாறு இல்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள்.

ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார், சவுத் வார்ன்பரோ என்ற சின்னக் கிராமத்தில் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் 2,000 பவுண்டு குறைந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டார். அவர்கள் சொன்னபடியே விசைகளை அழுத்தினார். அவர் கண் முன்னாலேயே 2,000 என்பது 4,000 ஆகியது! மருந்துக்குப் போன இடத்தில் நோய் இரட்டித்த கதை. கடைசியில் அது 36,000 வரை ஏறியது. திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுமானால் பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள் என்ற நிலை வந்தது. செய்யாததை ஒப்புக்கொண்டார். 2008-ல் அவர் கோர்ட்டுக்குப் போனபோது கிராமத்து ஜனங்கள் கூடவே போனார்கள், பணமும் திரட்டிக் கொடுத்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் நம்பாத அந்த அம்மாளை ஊர் நம்பியது.

பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன் 91 தடவை தொலைபேசியில் அழைத்தார். 91 தடவை, தோழர்களே! திருடுகிறவன் எவனாவது 91 தடவை போலீசைக் கூப்பிட்டு "கல்லாவில் பணம் குறைகிறது, வந்து பாருங்கள்" என்பானா? இந்த எளிய கேள்வி அவ்வளவு பெரிய நிர்வாகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. 25,000 பவுண்டுச் சொச்சத்துக்காக அவரை உயர்நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். வக்கீல் வைக்கப் பணமில்லாமல் தானே வாதாடினார். 2007-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகப் போனது. அதோடு நின்றதா? நிர்வாகத்தின் வழக்குச் செலவு 3,21,000 பவுண்டையும் அவர் தலையில் கட்டினார்கள். மனிதர் திவாலானார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

சீமா மிஸ்ரா இந்தியாவில் பிறந்த பெண். வெஸ்ட் பைஃபிளீட்டில் கடை. 74,000 பவுண்டுக்கு மேல் திருடியதாக 2010-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. பதினைந்து மாதச் சிறை. தண்டனை சொன்ன நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாள். வயிற்றில் இரண்டாவது குழந்தை.

இந்தியர் என்பதற்காகத்தான் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள் என்று நாம் சொல்லவில்லை. வெள்ளைக்காரக் கடைக்காரர்களும் வகைதொகையில்லாமல் சிறைக்குப் போனார்கள். ஆனால் அந்தத் தபால் நிர்வாகத்தின் புலனாய்வாளர்கள் 2008 காலத்தில் வைத்திருந்த ஒரு தாள் 2023-ல் வெளியே வந்தது. சந்தேகத்துக்குரியவர்களை நிறத்தையும் இனத்தையும் வைத்து வகை பிரிக்கச் சொல்லும் தாள் அது. கறுப்பின மக்களை இழிவான பழைய காலச் சொல்லால் குறித்திருந்தது. நம்மவர்களையும் பாகிஸ்தானியரையும் சேர்த்து ஒரு 'ரகம்' ஆக்கியிருந்தது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. கேட்கட்டும்.

பூசணிக்காயும் சோறும்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கம்பெனிக்கு உண்மையாகவே தெரியாதா?

தெரியும். தெரிந்த பிழைகளின் பட்டியல் என்றே ஃபுஜிட்சு ஒன்றை வைத்திருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கான பதிவுகள். எந்தப் பிழை, எப்போது தலைகாட்டியது, என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் அவர்களுடைய எஞ்சினியர்களே எழுதி வைத்தது. கடைக்காரர்கள் வழக்குப் போட்டு இந்தப் பட்டியலைக் கேட்டபோது தபால் நிர்வாகம் கொடுக்காமல் இழுத்தடித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

2010-ல் இன்னொரு சங்கதி நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட கிளைகளைத் தொட்ட ஒரு பிழையைப் பற்றி நிர்வாகத்தின் ஆட்களும் கம்பெனியின் ஆட்களும் கூடிப் பேசினார்கள். கடைக்காரரின் திரையில் கணக்குச் சரியாகத் தெரியும். உள்ளே வேறாக இருக்கும். அப்படிப்பட்ட பிழை. இது வெளியே தெரிந்தால் ஹொரைசன்மேல் நம்பிக்கை போய்விடும், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளையும் பாதிக்கும் என்று அந்தக் கூட்டத்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டுதான் சீமா மிஸ்ரா கூண்டில் நின்றார்.

கடைக்காரருக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து அவர் கணக்குக்குள் கைவைக்க முடியாது என்றும் நிர்வாகம் நெடுங்காலம் சாதித்தது. ஃபுஜிட்சுவில் வேலை பார்த்த ஒருவர் 2015-ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்து, முடியும், நாங்கள் செய்தோம் என்று சொன்னார். அதன் பிறகும் மறுத்தார்கள். வழக்கு இறுகிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கம்பெனிக்காரன் கெட்டவன் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு ஒன்றும் விளங்காது. ஒருவரிடம் "ஆமாம், எங்கள் பிழைதான்" என்று ஒப்புக்கொண்டால், அதே பூச்சி விழுந்த எல்லோரிடமும் ஒப்புக்கொண்டதாகும். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். போட்ட வழக்கெல்லாம் கவிழும். விற்ற சரக்கின் பெயர் கெடும். அடுத்த டெண்டர் கைவிட்டுப் போகும். ஒரு கடைக்காரரைத் திருடன் என்று சொல்வதற்கு ஆகும் செலவு இதைவிடக் குறைவு. வாங்கிய நிர்வாகத்துக்கும் அதே கணக்கு. கோடிக்கணக்கில் கொட்டி வாங்கியது சொத்தை என்று எந்த அதிகாரி தன் வாயால் சொல்வான்? விற்றவனும் வாங்கியவனும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டார்கள். உபயோகிக்கிறவன் எதிர்ப் பக்கத்தில் தனியாக நின்றான்.

சட்டமும் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. கம்ப்யூட்டர் தந்த கணக்கைக் கோர்ட்டில் காட்டினால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டியவரே நிரூபிக்க வேண்டும் என 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1999-ல் அதை நீக்கினார்கள். எந்த ஆண்டு என்று பார்த்தீர்களா? ஹொரைசன் கடைகளுக்குள் நுழைந்த அதே ஆண்டு. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சரி என்றுதான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். தவறு என்பவன்தான் காட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரன் எதை வைத்துக் காட்டுவான்? பட்டியல் கம்பெனியிடம் அல்லவா இருக்கிறது? போதாததற்கு, தபால் நிர்வாகம் போலீசை எதிர்பார்க்காமல் தானே துப்புத் துலக்கி, தானே வழக்குத் தொடுத்தது. நஷ்டப்பட்டதாகச் சொல்பவனும் அவனே, துப்பறிபவனும் அவனே, வாதியும் அவனே. 1999-லிருந்து 2015 வரை இப்படி எழுநூறு பேருக்கு மேல் குற்றவாளி ஆக்கப்பட்டார்கள். மற்ற அமைப்புகள் போட்ட வழக்குகளையும் சேர்த்தால் தொள்ளாயிரத்தைத் தாண்டுகிறது.

ஒரு கிராமத்துக் கூடத்தில்

ஆலன் பேட்ஸ் என்பவர் வேல்ஸில் லாண்டுட்னோ என்ற கடலோர ஊரில் கடை வைத்திருந்தார். கணக்கு இயந்திரங்களைப் பற்றி அவருக்கு முன்னமே அனுபவம் உண்டு. துண்டு விழுந்ததும் கட்ட மறுத்தார். எப்படிக் குறைந்தது என்று காட்டு, கட்டுகிறேன் என்றார். காட்டவில்லை. 2003-ல் ஒப்பந்தத்தை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். கடையில் போட்ட பணம் போனது.

அவர் சும்மா இருக்கவில்லை. தனக்கு மட்டும் வந்த கோளாறாக இது இருக்கவே முடியாது என்று நினைத்தார். தன்னைப் போன்றவர்களைத் தேடினார். கம்ப்யூட்டர் தொழிலைப் பற்றிய 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற பத்திரிகைக்கு 2004-லேயே எழுதினார். 2009 மே மாதத்தில் அந்தப் பத்திரிகை ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையைச் சேர்த்து வெளியிட்டது. பெரிய நாளிதழ்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஏழு பேருடைய கதை ஒரே இடத்தில் அச்சானதும், எட்டாவது ஆளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தின் பொதுக்கூடத்தில் இவர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். ஊமை கண்ட கனவாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியவர்கள், திருடன் என்ற பட்டத்தோடு தெருவில் தலைகுனிந்து நடந்தவர்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே தொலைபேசிப் பதில்! பத்து வருஷமாகக் கம்பெனிக்கு மட்டும் தெரிந்த வயல்களை அன்றைக்கு அவர்களும் பார்த்தார்கள்.

அங்கே ஓர் அமைப்பு பிறந்தது. அங்கிருந்து கோர்ட்டுக்கு வர இன்னும் எட்டு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 555 பேர் ஒன்றாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019-ல் நீதிபதி ஃபிரேசர் இரண்டு பெரிய தீர்ப்புகள் எழுதினார். நஷ்டம் எதுவானாலும் கடைக்காரன் தலையில் என்று ஷரத்துக்கு நிர்வாகம் வைத்த பொருள் செல்லாது என்றது ஒன்று. ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் துண்டு விழச் செய்தன என்றது மற்றொன்று. கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை என்று நிர்வாகம் நின்ற நிலை, பூமி தட்டை என்று இன்றைக்கு வாதிடுவதற்குச் சமம் என்று நீதிபதி எழுதினார். அந்த 91 அழைப்புகளுக்கும் பதில் ஒருவழியாக வந்தது, பதினைந்து ஆண்டு கழித்து.

வெற்றிதான். ஆனால் வெற்றியின் கணக்கையும் பாருங்கள். சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. வழக்குக்குப் பணம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்கும் போனது போக மிஞ்சியது சுமார் ஒரு கோடியே இருபது லட்சம். ஆளுக்கு இருபதாயிரம் பவுண்டு அளவில். வீட்டை விற்றவருக்கும் ஊரைவிட்டுப் போனவருக்கும் இருபதாயிரம்! 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ஒரே நாளில் ரத்து செய்தது. ஜோ ஹாமில்டனும் சீமா மிஸ்ராவும் அவர்களில் உண்டு. 2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நாடகம் இதை வீடு வீடாகக் கொண்டுபோன பிறகுதான் பார்லிமெண்டுக்கு ரோஷம் வந்தது. மே மாதம் சட்டம் போட்டு மற்றவர்களையும் மொத்தமாக விடுவித்தார்கள். நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. இந்தக் கொடுமையால் குறைந்தது பதின்மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்கிறது அது.

இருபத்தைந்து ஆண்டு! நாடகம் போட்டால்தான் கேட்போம் என்று ஒரு நாட்டின் அரசாங்கம் காத்திருந்தது என்றால், நாடகம் எழுத ஆள் கிடைக்காத ஏழைகள் எங்கே போவது?

நம் பக்கத்துச் சங்கதி

நம் நாட்டுக்கு வருவோம். 2021 ஜூன் 7-ஆம் தேதி வருமான வரித் துறை ஒரு புதிய இணைய வாசலைத் திறந்தது. 4,242 கோடி ரூபாய்த் திட்டம், இன்போசிஸ் கம்பெனிக்குக் கொடுத்தது. திறந்த நாளிலிருந்து கோளாறு. ஆடிட்டர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். ஆகஸ்டு மாதம் நிதி அமைச்சகம் அந்தக் கம்பெனியின் தலைமை அதிகாரியையே நேரில் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. கணக்குக் கொடுக்கும் கெடுவையும் நீட்டித்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. வரி கட்டுகிறவர் குரல் கொடுத்தால் கம்பெனித் தலைவரே டில்லிக்கு வருகிறார். கூலிக்காரன் குரல் கொடுத்தால் யார் வருகிறார்கள்?

நம் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்து, பிறகு நம் பெயர். சு. முருகன். அவ்வளவுதான். இங்கே வந்து ஒரு படிவத்தில் பெயர் கொடுத்தால், குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் மேலே போகாது. குமாஸ்தா என்ன செய்வார்? தகப்பன் பெயரைத் தூக்கி அதில் போடுவார். ஆதாரில் 'முருகன் சு', பாங்கில் 'சு. முருகன்', வைப்பு நிதியில் 'முருகன் சுப்பையா'. இருபது வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டால், இந்த மூவரும் ஒரே ஆள் அல்ல என்கிறது திரை. யாருடைய பிழை இது? தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான ஜனங்கள் இப்படித்தான் பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்பது தெரியாமல் படிவம் எழுதியவனுடைய பிழை. ஆனால் சத்தியக் கடுதாசி எழுதி, முத்திரைத்தாள் வாங்கி, ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்பவர் முருகன்.

சென்ற வருஷம் நம் சங்கத்தின் மூலம் ஒரு தோழருக்காக இப்படி ஒரு புகார் கொடுத்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் செல்போனில் செய்தி: "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது." தோழர் மகிழ்ச்சியோடு ஓடினார். ஒன்றும் தீரவில்லை. புகாரை முடித்துவிட்டார்கள், குறையை அல்ல. மறுபடி கொடுத்தோம். மறுபடி தீர்ந்தது. இப்படி ஆறு தடவை தீர்ந்தது! நேரில் போனால், மென்பொருள் செய்த கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனி எண்ணில், உங்கள் அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள்; இங்கே யார் சாமி, யார் பூசாரி என்பதே தெரியவில்லை. கடைசியில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சொன்னது என்ன தெரியுமா? "மற்ற எல்லோருக்கும் சரியாக வருகிறது. உங்களுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு."

அந்த ஜன்னல்காரரோடு நமக்குச் சண்டை இல்லை. உதவி எண்ணில் பதில் சொல்லும் பெண்ணோடும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த மாதிரி வேலைக்குத்தான் போகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை புகாரை முடித்தாக வேண்டும் என்று அவர்கள் தலைக்குமேல் கணக்கு நிற்கிறது. அவர்களும் கூலிக்காரர்கள். எழுதியவனிடம் போய்ச் சொல்ல அவர்களுக்கும் வழியில்லை. அவர்களைத் திட்டி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டு வீடு திரும்பினால், மேலே இருப்பவனுக்கு அதைவிடச் சவுகரியம் வேறு இல்லை.

ஆகையால் செயற்குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. சங்க அலுவலகத்தில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். வைப்பு நிதியோ ரேஷனோ பாங்கோ, எதில் கம்ப்யூட்டர் கோளாறு என்றாலும் அதில் எழுத வேண்டும். தேதி, நேரம், எந்த அலுவலகம், புகார் எண், திரையில் என்ன வந்தது, என்ன பதில் சொன்னார்கள் என்பது சொன்ன வார்த்தைகளிலேயே. எழுத வராதவர்களுக்கு மாதர் அணித் தோழியர் எழுதிக் கொடுப்பார்கள். கையில் செல்போன் இருக்கிற பிள்ளைகள் திரையைப் படம் எடுத்துவைக்கட்டும். செல்போனுக்கு வரும் 'தீர்த்து வைக்கப்பட்டது' செய்திகளை அழிக்காதீர்கள். புகார் தீரவில்லை என்பதற்கு அவைதான் நம் கையில் இருக்கும் அத்தாட்சி. மூன்று மாதம் கழித்து, ஒரே கோளாறு உள்ளவர்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரே மனுவாக, எல்லோருடைய கையெழுத்தோடும் கொடுப்போம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம்: இதே புகார் உங்களுக்கு மொத்தம் எத்தனை வந்தது, தெரிந்த பிழைகளின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா என்று.

நோட்டு திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. முதல் பக்கத்தில் ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏழில் ஐந்து பேருக்கு ஒரே அலுவலகம், ஒரே கோளாறு. அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இரண்டு பேர் அடுத்தடுத்த சந்தில் குடியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேருடைய புகார் எண்ணில் கடைசி இலக்கங்கள் சரியாகப் படிக்க முடியவில்லை. அவர்கள் இங்கே வந்திருந்தால், தேநீர் குடித்துவிட்டு உடனே கிளம்பிவிடாமல், செயலாளரைப் பார்த்து எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போகவும்.